மச்சாள் வீட்டு மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது இத்தாலியில் பலெர்மோவில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடி. அதே கட்டடத்தின் முதலாம் மாடியில் என் மச்சாள் இருக்கிறாள். மச்சாள் என்றால் என் புருசனின் தங்கை. அன்று காலை உடுப்புக் காயப்போட பல்கனிக்கு வந்தவள், கீழே எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. வட்ட விளக்கு, கடும்பச்சை நிறப் பெற்றோல் தாங்கி, தவிட்டு நிறத்தில் தோல் சீற், பக்கத்தில் வெள்ளிபோல மினுங்குகிற குழாய். மச்சாளின் புருசன் துணியோடு குந்தியிருந்து சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பென்சன் எடுத்த மனுசன், பொழுது போகாமல் ஆரோ கழித்துவிட்ட பழசொன்றை வாங்கிப்போட்டார், பாவம் என்று நினைத்தேன். பாவம் என்று நினைக்கும்போது மனதுக்கு ஒரு இதம் வரும். அந்த இதத்தோடு படியிறங்கிப் போனேன்.

"பரவாயில்லை மச்சாள். பழசெண்டாலும் துடைச்சு வச்சால் ஓடும்தானே" என்றேன்.

மச்சாள் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழசோ? மச்சாள், இது நேற்றுக் கடையிலையிருந்து வந்தது. புத்தம் புதுசு. பழசு மாதிரிச் செய்யிறது. அதுக்குத்தான் கூடக் காசு."

பிறகு விலையைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அந்த விலைக்கு இங்கே நல்ல ஸ்கூட்டர் இரண்டு வாங்கலாம். நான் "ஓ" என்று மட்டும் சொன்னேன். மூன்று மாடியும் ஏறி வந்த பிறகுதான் துவைத்த உடுப்பை வாளியோடு பல்கனியில் விட்டுவந்தது ஞாபகம் வந்தது.

இந்த நகரத்துக்கு எங்கள் குடும்பத்தில் முதலில் வந்தவள் நான். என் புருசனையே நான்தான் கூப்பிட்டேன். மச்சாளையும் அவளின் மனுசனையும் கூப்பிட்டதும் நாங்கள். விசாவுக்குக் கெஸ்தூராப் பொலிசில் வரிசையில் எப்படி நிற்பது, வேலைக்குப் போகிற வீடுகளில் எந்த சிஞ்ஞோராவுக்கு எப்படிச் சமைப்பது, எந்தச் சந்தையில் எந்த மீன் எல்லாம் அவள் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். குளிர்பெட்டி முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. தையல் மெசினும் அப்படியே. எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்து ஒரு வருடம் கழித்துத்தான் அவளின் வீட்டுக்கு வரும். அதுதான் முறை என்று நான் நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தம். ஸ்கூட்டர்போலக் கீச்சென்று கத்துகிற சத்தமில்லை. பெரிய பானையில் கஞ்சி கொதிக்கிற மாதிரி ஆறுதலாக, தடித்த சத்தம். அது கேட்டால் நான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பல்கனிக்குப் போவேன். மச்சாள் பின்னால் ஏறுவாள். அறுபது தாண்டிய பிறகு அவள் சீலையை விட்டுக் கழுசான் போடத் தொடங்கினாள், இந்த மோட்டார் சைக்கிளுக்காக. பாற்கட்டி நிறத்தில் ஒரு ஹெல்மெட், சீற்றுக்குப் பொருத்தமாக அதிலும் ஒரு தவிட்டு நிறக் கோடு. ஏறி, அவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்ப்பாள். நான் கொடியில் காய்கிற துவாயை எடுப்பதுபோல நிற்பேன்.

எங்கள் வீட்டுக்கு வரும்போதும் அந்த ஹெல்மெட்டைக் கையில் கொண்டுதான் வருவாள். இரண்டு மாடிப் படிக்கு ஹெல்மெட் என்னத்துக்கு? கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"கடற்கரைப் பக்கம் போனனாங்கள், மச்சாள். என்ன காத்து! நீங்கள் ஒருக்கால் வரவேணும்."

"எனக்கு பஸ்ஸிலையே காத்து வருது" என்பேன்.

வீட்டில் நான் இவரிடம் கேட்டேன். இவர் பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் வாசற்காவல் பார்த்தவர். வருகிற போகிற வாகனம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகியவர்.

"இஞ்சேருங்கோ, அது அந்த விலை பெறுமோ?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உள்ளுக்கை சாதாரண எஞ்சின்தான். இதே எஞ்சினை வேறை உடுப்போடை அரைவாசிக் காசுக்கு விக்கிறாங்கள். மிச்சக் காசு முழுக்க வெளி உடுப்புக்கு."

இதைக் கேட்டதும் எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைக் கொண்டுபோனேன். எங்கள் கோயில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபம். பூசை முடிந்து பெண்கள் சுற்றியிருந்து கதைக்கிற நேரம் எல்லோரும் மச்சாளைத்தான் கேட்டார்கள். எப்படி ஏறுகிறீர்கள், பயமில்லையா, ஆட்டமில்லையா என்று. நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"உள்ளுக்கை சாதாரண எஞ்சின். உடுப்புக்குத்தான் காசு. என்னட்டைக் கேட்டால், விலைக்குப் பெறுமதியில்லாத சாமான். சும்மா தந்தாலும் நான் ஏறமாட்டன்."

எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். மச்சாள் பிரசாதத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு "ஓம், ஓம்" என்றாள். அவள் அப்படி அமைதியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்தச் சொல்தான் என் காலைக் கட்டியது. ஏனென்றால், உள்ளதைச் சொன்னால், அதில் ஒருக்கால் ஏறவேண்டும் என்ற ஆசை எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. விலையைக் கேட்ட அந்த நிமிசமே வந்தது. ஆனால் நான் எதையும் கேட்டு வாங்கியவள் இல்லை. இப்போது கேட்காமல் தந்தாலும் ஏறமுடியாதபடி நானே வாயால் பூட்டுப் போட்டுவிட்டேன்.

நான் இப்போதும் வாரத்தில் மூன்று காலை பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டுக்கு வேலைக்குப் போகிறேன். அந்த வீட்டில் எல்லாம் பழசு. மெய்யான பழசு. அவவின் பாட்டன் காலத்து அலுமாரி, அதற்கும் முந்திய கண்ணாடி. அலுமாரியின் காலைப் பூச்சி தின்கிறது. கதவைத் திறக்க ஒரு பக்கம் முழங்காலால் தள்ளவேண்டும். மெழுகு போட்டு மினுக்கி எடுத்தால் என் தோள்மூட்டு இரண்டு நாள் வலிக்கும். ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் கதையைச் சொன்னேன். புதுசை வாங்கிப் பழசு மாதிரி வைத்திருப்பது எவ்வளவு மடைத்தனம் என்று அவவும் சொல்லுவா என்று எதிர்பார்த்தேன்.

சிஞ்ஞோரா கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னா: "இந்த அலுமாரியைப்போலவே ஒன்று, பூச்சி இல்லாமல், கதவு ஒழுங்காகத் திறக்கிறதாக, ஆராவது செய்து தந்தால் இதை நாளைக்கே விற்றுவிடுவேன். அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினவன் புத்திசாலி. நீ அதில் ஏறினாயா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"ஏன்?"

நான் அலுமாரியின் பின்பக்கத்தைத் துடைக்கப் போய்விட்டேன்.

இவர் என்னோடுதான் நிற்கிறார் என்ற ஒரு தைரியம் மட்டும் மிச்சமிருந்தது. அதுவும் போனது. ஒருநாள் காலை கடைக்கென்று போனவர் மத்தியானம்தான் வந்தார். சட்டையில் பெற்றோல் மணம். தொப்பி போடாத மனுசன், நெற்றியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் சிவப்பாக ஒரு கோடு.

"அதென்ன நெத்தியிலை கோடு?"

"எங்கை?"

"கண்ணாடியைப் போய்ப் பாருங்கோ."

பார்த்தார். கையால் தேய்த்தார். அது போகவில்லை. ஹெல்மெட் இறுக்கிய கோடு உடனே போகாது.

"பிரான்காச்சோவிலை கராஜ் ஒண்டிலை ஒயில் மாத்தவேணுமெண்டு மச்சான் கேட்டான். துணைக்குப் போனன்."

"ஒயில் மாத்தத் துணை என்னத்துக்கு?"

"அவன் கேட்டான்."

"பின்னாலை இருந்தோ போனனீங்கள்?"

நெற்றியை இன்னொருக்கால் தேய்த்தார். பிறகு அவரின் முகம் மாறிப்போனது. கலியாணம் கட்டின புதிதில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். "போகேக்கை பின்னாலை. வரேக்கை நான் ஓட்டினன்" என்றார். "இஞ்சேரும், சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாமான்."

"உடுப்புக்குத்தான் காசெண்டு சொன்னனீங்கள்!"

"ஓம். நல்ல உடுப்பு."

அன்று அவருக்கு நான் முதல் நாள் கறியைத்தான் சூடாக்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒவ்வொரு சங்கடமாக வந்தது. முதலில் ஒழுங்கையால் போன வான் ஒன்று பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனது. பிறகு பின் சில்லில் ஆணி ஏறியது. பிறகு மச்சாள் இறங்கும்போது சூட்டுக் குழாயில் கெண்டைக்கால் பட்டுப் பொக்களம் போட்டது. ஒவ்வொன்றையும் கேள்விப்படும்போது நான் "அச்சோ" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

மச்சாள் காலில் கட்டோடு நொண்டி நொண்டி மேலே வந்தாள். அன்று ஹெல்மெட் கொண்டுவரவில்லை.

"மச்சாள், இது கண்ணூறுதான். வாங்கின அண்டைக்கே தேசிக்காயும் வைக்கேல்லை, ஒண்டும் கழிக்கேல்லை. அவர் உதெல்லாம் தேவையில்லை எண்டிட்டார்."

"இருக்கும்" என்றேன்.

"நீங்கள்தான் கழிக்கவேணும். நீங்கள்தானே எங்களுக்குள்ளை மூத்தவ. நீங்கள் கழிச்சாத்தான் போகும்."

அவளின் முகத்தைப் பார்த்தேன். மூத்தவள் என்பதற்காகக் கேட்கிறாளா, அல்லது கண் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்கிறாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுத்தால் என் கண்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் "ஞாயிற்றுக்கிழமை காலமை செய்வம்" என்றேன்.

செய்வதைச் சரியாகச் செய்பவள் நான். ஞாயிற்றுக்கிழமை தலை முழுகி, நல்ல சீலை உடுத்து, பழைய தாச்சியில் தணல் எடுத்துக்கொண்டு கீழே போனேன். செத்தல் மிளகாய், உப்பு, கடுகு மூன்றையும் கைக்குள் பொத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளைச் சுற்றினேன். "ஊர்க் கண், உறவுக் கண், போறவை கண், வாறவை கண்" என்று சொல்லவேண்டும். உறவுக் கண் என்ற இடத்தில் மச்சாள் செருமினாள். நான் நிறுத்தாமல் சுற்றினேன்.

பிறகு கைக்குள் இருந்ததைத் தணலில் போட்டேன். இதில்தான் விசயமே இருக்கிறது. கண்ணூறு இருந்தால் மிளகாய் எரிந்தாலும் கமறாது. இல்லாவிட்டால் மூக்கை அரிக்கும். மச்சாள், அவளின் மனுசன், இவர் மூன்று பேரும் தாச்சியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் தாச்சியைப் பார்த்தேன்.

மிளகாய் கறுத்தது. புகை எழும்பியது. அடுத்த நிமிசம் இவர் இருமினார், மச்சாள் இருமினாள், எனக்குக் கண்ணெல்லாம் நீர். இரண்டாம் மாடிக் கிழவி யன்னலைத் திறந்து "யாரைக் கொல்லப் பார்க்கிறீர்கள்?" என்று இத்தாலியனில் கத்திவிட்டு அடித்துச் சாத்தினாள்.

"பாத்தீரோ?" என்றேன் இருமலுக்கு நடுவே. "ஒரு கண்ணும் இல்லை. வான்காரன் பாக்காமல் ஓடியிருக்கிறான், அவ்வளவுதான்."

மச்சாள் ஏமாந்துபோய் நின்றாள். எனக்கு அந்த மிளகாயின் மேல் ஒரு பட்சமே வந்துவிட்டது.

இனித் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய். சில்லுக்கு முன்னால் ஒவ்வொன்று வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நசிக்கவேண்டும். ஊரில் வைக்கிறது சின்னத் தேசிக்காய், டயர் பட்டவுடன் பட்டென்று நசியும். மச்சாள் சந்தையில் வாங்கி வந்திருந்தது இந்த ஊர்க் காய். குழந்தையின் தலைபோல, தோல் விரல் தடிப்பு.

"உது நசியாது, மச்சாள்" என்றேன்.

"பெரிய சாமானுக்குப் பெரிய தேசிக்காய்தான் வைக்கவேணும்" என்றாள்.

பெரிய சாமான். அதைக் கேட்டபிறகு நான் வாய் திறக்கவில்லை.

மச்சாளின் மனுசன் ஏறியிருந்து ஸ்டார்ட் பண்ணினார். மெதுவாக விட்டார். முன் சில்லு காயின் மேல் ஏறியது. காய் நசியவில்லை. உருண்டது. சில்லு ஒரு பக்கம் திரும்ப, அந்தப் பாரமான வண்டி முழுவதும் நான் நின்ற பக்கத்துக்குச் சரிந்தது. அவர் சின்ன உருவம், கால் நிலத்தில் ஒழுங்காக ஊன்றவில்லை. மச்சாள் "ஐயோ" என்று கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். இவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

நான் தாச்சியைத் தள்ளி வைத்துவிட்டு நின்றபடியால் கை இரண்டும் சும்மா இருந்தன. எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. இடுப்பைக் கொடுத்து, சீற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சிஞ்ஞோராக்களின் கட்டிலையும் அலுமாரியையும் தள்ளித் தள்ளி உரமேறிய இடுப்பு. வண்டி என்மேல் சாய்ந்து நின்றது. பச்சைத் தாங்கியில் என் முகம் தெரிந்தது. விழுந்தால் அந்தப் பச்சை சிராய்ந்துபோகுமே என்ற ஒரு நினைப்புத்தான் அப்போது எனக்கு. என் கால் முறியும் என்றுகூட நினைக்கவில்லை. விலை பெறாத சாமானை ஆர் அப்படிப் பிடிப்பார்கள்?

இவரும் வந்து பிடிக்க, நிமிர்த்தினோம். ஒரு கீறல்கூட இல்லை.

மச்சாளின் மனுசன் வியர்த்துப்போய் இருந்தார். "அக்கா, நீங்கள் இல்லையெண்டால் இது இப்ப நிலத்திலை. வாங்கோ, ஏறுங்கோ, ஒரு சுத்துப் போட்டு வருவம்."

என் கை தானாகச் சீற்றைத் தடவியது.

"மச்சாள் ஏறமாட்டா" என்றாள் மச்சாள். குரல் நல்ல இனிப்பாக இருந்தது. "சும்மா தந்தாலும் ஏறமாட்டன் எண்டு கோயிலிலை வச்சுச் சொன்னவ. எல்லாரும் கேட்டவை."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இவர் சீமெந்தைப் பார்த்தார். நான் சீலைக் கொசுவத்தை உதறிச் சரிசெய்தேன். அவசரப்படவில்லை.

"சும்மா ஆர் ஏறினது? பிடிச்ச கூலிக்கு ஏறுறன்" என்றேன். "ஹெல்மெட்டைத் தாரும்."

மச்சாள் தன் மனுசனைப் பார்த்தாள். பிறகு அந்தப் பாற்கட்டி நிற ஹெல்மெட்டைத் தந்தாள். தன் கையால் தந்தாள். எனக்கு அது இறுக்கம், ஆனால் நான் சொல்லவில்லை. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இவரின் தோளைப் பிடித்து ஏறினேன். உள்பாவாடை கெண்டைக்கால் வரைக்கும் தெரிந்தது. தெரியட்டும்.

ஒழுங்கை திரும்பும்போது ஒருக்கால் பின்னால் பார்த்தேன். மச்சாள் வெறுந்தலையோடு, காலில் கட்டோடு, நசியாத காயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். பல்கனியில் நின்று இத்தனை நாளும் நான் அந்த முகத்தைத்தான் வைத்திருந்தேன்.

"எங்கை அக்கா போவம், கடற்கரைக்கோ?"

"கடற்கரைக்குப் போகலாம் தம்பி. முதலிலை ஸ்தாசியோனே பஸ் தரிப்புப் பக்கத்தாலை விடும்."

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அங்கே எங்கள் ஆட்கள் நிற்பார்கள். நின்றார்கள். கோயிலில் கேட்டவர்களில் இரண்டு பேர். ஒருத்தி மற்றவளின் முழங்கையைத் தட்டினாள். நான் நேரே பார்த்துக்கொண்டு போனேன். பிறகு லிங்கன் வீதியால் இறங்கிக் கடலுக்கு வந்தோம். கடல் திடீரென்று திறந்தது. காற்று சீலைத் தலைப்பைப் பிடுங்கியது. பஸ்ஸில் யன்னலால் வருகிற காற்று வேறு, இது வேறு. காலுக்குக் கீழே அந்தக் கஞ்சிப் பானை கொதிக்கிற சத்தம் நெஞ்சு வரைக்கும் ஏறியது. இவ்வளவையும் மச்சாள் ஒவ்வொரு நாளும் வைத்திருந்தாளே என்று நினைத்தபோது வயிறு மறுபடி எரிந்தது. ஏறினால் எரிச்சல் ஆறும் என்று நினைத்திருந்தேன். கூடித்தான் போனது. அதுவரைக்கும் எனக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இனித் தெரிந்துகொண்டு படவேண்டும்.

திரும்பி வந்து இறங்கியதும் மச்சாள் கேட்டாள். "என்ன மச்சாள், காசுக்குப் பெறுமதியோ?"

"சீற் கொஞ்சம் கட்டி" என்றேன்.

மேலே வந்து ஊற்றிக் குடித்தது தண்ணீர் என்றுகூடத் தெரியவில்லை. இவர் பின்னால் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "போய்க் கண்ணாடியைப் பாரும்" என்றார். போய்ப் பார்த்தேன். நெற்றியில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கோடு. நான் அதைத் தேய்க்கவில்லை.

அந்த மோட்டார் சைக்கிள் அதன் விலை பெறுமா என்று இப்போதும் கோயிலில் கேட்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் பெறும். முதலாம் மாடிக்காரரின் வாசலில் நிற்கிறபடியால் பெறாது. என்னைக் கேட்டால் இதுதான் கணக்கு. ஆனால் இதை வெளியே சொல்லமுடியாது. உடுப்புக்குத்தான் காசு என்றுதான் இப்போதும் சொல்லுகிறேன்.

போன கிழமை மச்சாள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டை வைத்தபோது நானே கதையைத் தொடங்கினேன்.

"மச்சாள், அண்டைக்குத் தேசிக்காய் நசியேல்லை. நசியாட்டிச் செய்தது செய்த மாதிரி இல்லை. திருப்பிச் செய்யவேணும்."

"மிளகாய் கமறினதுதானே? கண்ணில்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அண்டைக்கு இல்லை. அதுக்குப் பிறகு எத்தினை பேர் பாத்திருப்பினம்? இவ்வளவு விலையான சாமானுக்கு ஒருக்கால் கழிச்சாக் காணாது. மாசத்துக்கு ஒருக்கால் செய்யவேணும்."

இவ்வளவு விலையான சாமான் என்று என் வாயால் கேட்டதும் மச்சாளின் முகம் மலர்ந்தது.

"அப்ப சின்னத் தேசிக்காய் எங்கையும் கிடைக்குதோ பாக்கட்டோ?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "அதே பெரிசே இருக்கட்டும். பிடிக்க நான் நிக்கிறன்தானே."